கொலுவைப் புல்தரைக்குக் கொண்டுவந்த வருடம்

என் மகளுக்கு மூச்சிழுப்பு எதனால் வருகிறது என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது நான்தான். என் கணவர் இல்லை, ஆளுக்கொரு வைத்தியம் சொன்ன காலனிக்காரர்களும் இல்லை. எனக்குத் தற்பெருமை ஜாஸ்தி என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார். இருக்கட்டும். பெருமைப்பட ஒரு விஷயம் கிடைத்தவள் பெருமைப்படத்தான் செய்வாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. தில்லியில் மோதி பாக் சர்க்கார் குவார்ட்டர்ஸில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். நாங்கள் இருவரும் திருநெல்வேலிக்காரர்கள், இருவரும் மத்திய சர்க்கார் குமாஸ்தாக்கள், வேறு வேறு அமைச்சகம். ஒரே மகள். தில்லியிலேயே பிறந்தவள். எங்களிடம் திருநெல்வேலித் தமிழும் தெருவில் இந்தியுமாகப் பேசி, அவசரம் என்றால் இரண்டையும் ஒரே வாய்க்குள் போட்டுக் கலக்கிவிடுவாள்.

தினமும் காலையில் அவளுக்கு இரட்டைச் சடை பின்னி ரிப்பன் கட்டியதும், முதுகில் காதை வைத்துக் கேட்பேன். நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிறதா என்று. கத்தவில்லையென்றால் ஸ்கூல் பஸ். கத்தினால் எனக்கு ஆபீஸ் லீவு. வருடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். ஆனால் ஒன்று மட்டும் தவறவே தவறாது. நவராத்திரி முடியும்போது பெரிதாக ஒரு முறை வந்தே தீரும். விஜயதசமியன்று கொலுப் பொம்மை ஒன்றைச் சாஸ்திரத்துக்குப் படுக்கவைப்போம் இல்லையா, அன்றைக்கு இவள் படுக்க முடியாமல் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். கழுத்தடியில் குழி விழும். ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒரு மூச்சு வாங்குவாள். உடனே ஸ்கூட்டர் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். தில்லியில் ஆட்டோவுக்கு ஸ்கூட்டர் என்றுதான் பெயர். அங்கே நரம்பில் ஊசி போட்டு, மெள்ள மெள்ள மூச்சைத் திரும்ப வாங்கிக்கொடுத்து அனுப்புவார்கள்.

காரணம் மட்டும் ஆளுக்கொன்று கிடைத்தது. தயிர் என்றார்கள், நிறுத்தினேன். வாழைப்பழம் என்றார்கள், அதையும் நிறுத்தினேன். எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகியதால் என்றார்கள். ராவணன்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார் மேல்வீட்டுக்காரர். தசராவுக்குப் பக்கத்து மைதானத்தில் ராவணனைக் கொளுத்தும் புகை நேரே எங்கள் ஜன்னலுக்கு வரும். இதெல்லாம் போக, தில்லியில் ஜலதோஷத்திலிருந்து புருஷன் பெண்டாட்டி சண்டை வரை எதற்கும் பொருந்துகிற ஒரு காரணம் உண்டு. "மௌசம் பதல் ரஹா ஹை." சீதோஷ்ணம் மாறுகிறதாம். எங்கள் டிஸ்பென்சரி கம்பவுண்டர் அதைச் சொல்லிக்கொண்டே கறுப்பும் சிவப்புமாகக் கேப்ஸ்யூல் எண்ணிக் கொடுப்பார். பாவம், அந்தக் கேப்ஸ்யூலால் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

என் கணவரின் அக்கா எனக்கு மதினி முறை. திருநெல்வேலியில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயரானவர். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. வருடாவருடம் நவராத்திரிக்கு வந்து தீபாவளி கழித்துத்தான் போவார். அவர் வருவதற்குள் என் வீட்டு எவர்சில்வர் எல்லாம் தானாகப் பளபளக்கும். அப்படி ஒரு பார்வை. ஆனால் என் மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால்தான் அந்தப் பேச்சு வந்தபோது அவரைக் கோபித்துக்கொள்ளவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"இந்தா பாரு, இந்த ஊரு காத்து பிள்ளைக்கு ஆகல. எங்கூட அனுப்பு. ஆத்துத் தண்ணியில குளிச்சு, நல்ல வெயில்ல நாலு நாள் ஓடியாடுனா இழுப்பெல்லாம் போற எடம் தெரியாது" என்றார் மதினி. தாமிரபரணித் தண்ணீருக்கு அல்வா கிண்டத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஆஸ்துமாவுக்கு வைத்தியமும் தெரியும் என்பதை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

நான் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருடம் அதோடு பேச்சு நின்றது.

அடுத்த வருடம் நவராத்திரி தொடங்குவதற்கு முன் என் கணவரின் பெரியப்பா ஊரில் காலமானார். பங்காளித் தீட்டு. எங்கள் வீட்டில் கொலு இல்லை, நாங்கள் யார் வீட்டுக்கும் வெற்றிலை பாக்குக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் யாரும் வரவில்லை. பள்ளிக்கூடமும் தசரா லீவு. மகள் எங்கள் வாசல் புல்தரையில் தனியாகக் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். விஜயதசமி வந்தது, ராவணன் எரிந்தான், புகை எப்போதும்போல எங்கள் ஜன்னலுக்கு வந்தது. இழுப்பு வரவில்லை.

என் கணவர் அன்று காலனி முழுக்கச் சுற்றி வந்தார். "பொம்மைத் தூசிதான். நான் அப்பமே நெனச்சேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வருடம் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் பொம்மைகள். பிரிக்கும்போது தும்மல் வருவது நிஜம்தான். நானும் ஒப்புக்கொண்டேன். மதினியும் ஒப்புக்கொண்டார். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒன்றை ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

அதனால் அதற்கடுத்த வருடம் டிரங்குப் பெட்டி பரணைவிட்டு இறங்கவில்லை. அம்பாள் படம் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று, அவ்வளவுதான் கொலு. பொம்மை இல்லாவிட்டால் என்ன, சுண்டல் உண்டே என்று காலனி வழக்கம்போல வந்தது. பாட்டுப் பாடியது, குங்குமம் வாங்கியது, போயிற்று. விஜயதசமிக்கு முன்பே மகளுக்கு வந்துவிட்டது. அதுவரை வந்ததிலேயே மோசமானது. ஸ்கூட்டரில் என் மடியில் கிடந்தபடி, "அம்மா... ஜல்தி..." என்றாள், சீக்கிரம் என்று. அந்த இரண்டு வார்த்தைக்கு நடுவில் எத்தனை தூரம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அந்தப் பயணத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

பிழைத்து வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாள் என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அக்கா சொல்லுததுதான் சரி. பொம்மை இல்லாமலே வந்துட்டு பாத்தியா? இந்த ஊருதான் ஆகல. நாம ரெண்டு பேரும் ஆபீஸ் போயிருதோம். என்னமும் ஆச்சுன்னா யாரு பாக்கா? இந்தத் தடவ பிள்ளை ஒடம்பு தேறட்டும். அடுத்த தீவாளிக்கு அக்கா போகும்போது கூட்டிட்டுப் போவட்டும். அங்கயே படிக்கட்டும்."

"அடுத்த தீவாளிக்குத்தான?" என்றேன்.

"ஆமா."

"அப்ப இன்னும் ஒரு நவராத்திரி இருக்கு."

எனக்கு ஏன் அப்படிச் சொல்லத் தோன்றியது என்று அப்போது தெரியாது. பிள்ளையை விடக்கூடாது என்கிற வெறி ஒன்றுதான் இருந்தது. ஆனால் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் குறிப்பைப் போட்டுக் கொண்டுபோனாலும் எங்கள் மேலதிகாரி முதலில் ஒரே கேள்விதான் கேட்பார். "இதற்கு முன் என்ன நடந்தது? இப்போது என்ன மாறியிருக்கிறது?" இதற்குப் பதில் இல்லாமல் அவர் கையெழுத்து விழாது. அந்தக் கேள்வியை மகள் விஷயத்தில் கேட்டுக்கொண்டு பஸ்ஸில் போனேன், வந்தேன்.

பொம்மை வைத்த வருடம் இழுப்பு வந்தது. பொம்மை வைக்காத வருடம், ஒரு முறை வரவில்லை, ஒரு முறை வந்தது. ஆகப் பொம்மை நிரபராதி. ராவணன் எல்லா வருடமும் எரிந்தான். தில்லி எல்லா வருடமும் தில்லியாகத்தான் இருந்தது. அப்படியானால் தீட்டு வருடத்தில் இல்லாதது என்ன?

ஆள். ஆள் வரவில்லை.

பஸ் சரோஜினி நகர் திரும்பும்போது எனக்கு அந்தக் காட்சி அப்படியே கண்முன் வந்தது. எங்கள் முன்னறை சின்னது. நவராத்திரி சாயங்காலம் அதில் பெண்களும் குழந்தைகளுமாக இடுக்கிக்கொண்டு உட்காருவார்கள். விளக்கு அணைந்துவிடக் கூடாது என்று ஃபேனை நிறுத்துவோம். ஜன்னலைச் சாத்துவோம். வாசல் திரையை இழுத்துவிடுவோம். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, கொலு வைத்த எல்லா வீட்டிலும் அப்படித்தான். சீதோஷ்ணம் மாறும் மாசம், பாதிக் குழந்தைகளுக்கு மூக்கு ஒழுகும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடுவார்கள், தும்முவார்கள், அந்தக் கையாலேயே பக்கத்தில் இருப்பவளின் சுண்டலில் ஒரு பிடி எடுப்பார்கள். காற்றே இல்லாத அறை. இவள் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறவள். இரண்டு மூன்று நாளில் இவளுக்கும் மூக்கு ஒழுகும். அதற்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ பூனைக்குட்டி. யோசித்துப் பார்த்தால், நவராத்திரி என்றில்லை, மற்ற மாதங்களிலும் இழுப்புக்கு முன்னால் தவறாமல் ஒரு ஜலதோஷம் நடந்து வந்திருந்தது. நாங்கள் அதை இழுப்பின் ஆரம்பம் என்று நினைத்தோமே தவிர, அதுதான் இழுப்பைக் கூட்டிவருகிறது என்று நினைக்கவில்லை.

நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டிருந்தது. எனக்கு அன்றைக்கு நடந்து திரும்பி வந்ததுகூடச் சந்தோஷமாக இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பகுதிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சாபி டாக்டரம்மா, நடுவயது. எனக்குத் தெரிந்த ஆபீஸ் இந்தியில், தீட்டையும் பொம்மையையும் விளக்கையும் ஃபேனையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருக்க, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும் சிரித்தார். "பஹன்ஜி, டாக்டருக்குப் படித்திருக்கலாமே நீங்கள்" என்றார். இதை நான் இந்த ஜென்மத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

பிறகு அவர் இந்தியில் விளக்கியதை எனக்குப் புரிந்த தமிழில் சொல்கிறேன். ஜலதோஷத்துக்குக் காரணம் வைரஸ் என்கிற கிருமி. அதில் பல வகை. கேப்ஸ்யூலுக்கு அது கட்டுப்படாது. பெரியவர்களிடம் நாலு தும்மலோடு போய்விடும். குழந்தைகளுக்கு இழுப்பைத் தூண்டிவிடுவதில் அதற்குத்தான் முதல் இடம். தூசியும் புகையும் சிலருக்கு ஆகாது, இவளுக்கும் கொஞ்சம் ஆகாமல் இருக்கலாம். ஆனால் இவளை ஆஸ்பத்திரி வரை கொண்டுவருவது ஜலதோஷம்தான். தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் இதில் சம்பந்தமே இல்லை.

"தஹி கா சக்தீ ஹூம்?" என்று என் மகள் குறுக்கே கேட்டாள். தயிர் சாப்பிடலாமா என்று. தாராளமாக என்றார் டாக்டரம்மா. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் மாதிரி.

"கிருமி உள்ளே போனால் உடம்பு அதோடு சண்டை போட ஒரு படையை அனுப்பும். எல்லார் உடம்பும் அனுப்பும், அனுப்பத்தான் வேண்டும். இவள் உடம்பு தேவைக்கு மேல் அனுப்பிவிடுகிறது. அந்தச் சண்டையில் மூச்சுக்குழாய் உட்புறம் வீங்குகிறது, சளி சுரக்கிறது, சுற்றியிருக்கிற தசை இறுகிக்கொள்கிறது." சொல்லிக்கொண்டே தன் ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர்க் குழாயை இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார். "இவ்வளவு சந்துதான் மிச்சம். இதன் வழியாகத்தான் அவள் மூச்சு விட வேண்டும்."

"அப்படியென்றால் குழந்தைக்கு உடம்பு பலவீனம் இல்லையா?" என்று கேட்டேன். இத்தனை வருடமாக எல்லாரும் சொல்லி நானும் நம்பிய வார்த்தை அது. நோஞ்சான், சவலை, பலமில்லாதவள்.

"கம்சோர் நஹீ ஹை. குஸ்ஸேவாலீ ஹை" என்றார்.

பலவீனம் இல்லை, ரோஷக்காரி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். யார் பெற்ற பிள்ளை!

டாக்டரம்மா சொன்ன வழி இரண்டு. ஒன்று, மூடிய அறையில் நெருக்கியடித்து உட்காருவதைத் தவிர்ப்பது. ஆனால் பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்கு ஜலதோஷமே வராமல் தடுக்க முடியாது. அதனால் இரண்டாவதுதான் முக்கியம். முதல் தும்மல் வந்த அன்றைக்கே மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும், இழுப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சத்தம் கூடினால் எப்படி மாத்திரையைக் கூட்டுவது, எது வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். "உங்களைவிட முன்னால் இவளுக்குத்தான் தெரியும். இவள் சொல்ல வேண்டும்" என்று என் மகளின் கன்னத்தைத் தட்டினார்.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் முழுக்க நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. "சரி, இந்த நவராத்திரிய பாப்போம். ஆஸ்பத்திரிக்கு ஓடுத மாதிரி வந்துச்சுன்னா பிள்ளை அக்காகூடப் போவணும். அப்புறம் நீ வாயே தெறக்கக் கூடாது" என்றார்.

"வந்துச்சுன்னா நானே பொட்டி கட்டி அனுப்புதேன்" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதேன்.

நவராத்திரி வந்தது. மதினியும் வந்தார். சளி பிடித்த குழந்தைகளை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர் மாமியிடம் யோசனை கேட்டேன். "நன்னாருக்கே! நவராத்திரியில ஆத்துக்கு வர பொண் கொழந்தைய வாசலோட திருப்பினா அம்பாளையே திருப்பினாப்ல ஆயிடுமே" என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. வருகிற குழந்தையைத் திருப்பியனுப்ப என்னால் முடியாது. என் குழந்தையை ஊருக்கு அனுப்பவும் முடியாது.

அப்போது புல்தரையைப் பார்த்தேன்.

தில்லியில் அக்டோபர் மாசத்துச் சாயங்காலம் மாதிரி ஒன்று உலகத்திலேயே கிடையாது. மழையும் இல்லை, வெக்கையும் இல்லை, குளிரும் இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் போய் நாங்கள் வருடாவருடம் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்! டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். பொம்மைகளை மகள் பக்கத்தில் இல்லாதபோது ஈரத்துணியால் துடைத்தேன். வராந்தாவில் படிகளைக் கட்டி, புல்லில் தரி என்கிற ஜமக்காளத்தை விரித்து, கொலுவை வெளியே வைத்தேன்.

மதினி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று பார்த்தார். "ஏட்டி, நீ என்ன சந்தையில கடை போடுதியா? வெளக்கு அணைஞ்சா என்ன செய்வ?"

"அணையாது மதினி" என்று சொல்லி, வனஸ்பதி டின் ஒன்றை நெடுக வெட்டிப் பிரித்து விளக்குக்கு மறைப்பாக வைத்தேன். அழகாக இல்லைதான். ஆனால் சுடர் நிமிர்ந்து நின்றது.

கடை என்று மதினி சொன்னது பலித்துவிட்டது. முதல் நாளே தெருவோடு போன ஒரு சர்தார்ஜி சைக்கிளை நிறுத்தி, "பஹன்ஜி, யே கிருஷ்ண்ஜி கித்னே கா?" என்று விலை கேட்டார். அவருக்கும் சுண்டல் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் தன் வீட்டம்மாவையும் கூட்டிவந்து புல்தரையில் உட்கார்ந்தார். காலனியில் எங்கள் கொலுவுக்கு அந்த வருடம் வந்த கூட்டம் அதற்கு முன் வந்ததில்லை. மூக்கு ஒழுகியவர்களும் வந்தார்கள். ஆளுக்கொரு இலைத்தொன்னையில் சுண்டல், யாரும் யாருடையதிலும் கைவைக்கக் கூடாது என்று நான் போலீஸ்காரி மாதிரி நின்றேன். மற்ற வீடுகளுக்கு மகளோடு நானும் போனேன். "கொஞ்சம் ஜன்னலத் தெறங்களேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் கூசாமல் கேட்டேன். சில பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மகள் தும்மலை மறைக்க ஆரம்பித்திருந்தாள். நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வர நிற்பதைப் பார்த்தேன். பூக்கும் முன் மொட்டைக் கிள்ளுகிற மாதிரி வந்த தும்மலை உள்ளேயே அமுக்கினாள். அன்றைக்கு அது வெறும் மிளகாய்த் தாளிப்புத் தும்மல்தான். ஆனால் ஏன் அமுக்கினாய் என்று கேட்டேன்.

"சொன்னா அத்தை என்னெ கூட்டிட்டுப் போயிருவாங்கல்ல" என்றாள். எல்லாப் பேச்சையும் கேட்டிருக்கிறாள். நாங்கள்தான் குழந்தைக்கு என்ன தெரியும் என்று நினைத்திருந்தோம்.

அவளை உட்காரவைத்து, டாக்டரம்மா நசுக்கிக் காட்டிய குழாயை ஞாபகப்படுத்தினேன். "நீ ஒளிச்சு வச்சா அது உள்ள போயி சண்டைய ஆரம்பிச்சிரும். அப்பம் அம்மாவால ஒண்ணும் செய்ய முடியாது. ஒடனே சொன்னியன்னா அம்மாவால முடியும்."

"பக்கா?"

பக்கா என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும்? மாத்திரை கேட்குமா கேட்காதா என்று எனக்கே தெரியாது. ஆனாலும் சொன்னேன். "பக்கா."

அவள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின சாயங்காலம். புல்தரை நிறையக் கூட்டம். மதினி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர் வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றார். எல்லாரும் கேட்டுக்கொண்டதால் மகள் எழுந்து அம்பாள் பாட்டுப் பாடினாள். நல்ல குரல் அவளுக்கு. பாதிப் பாட்டில் நிறுத்தினாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து யாரோ அடியெடுத்துக் கொடுத்தார்கள். அவள் அதைக் கவனிக்கவில்லை. அத்தையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு ஜலதோஷம் புடிச்சிட்டு. காலைல இருந்தே மூக்கு ஒழுகுது. மாத்திரை குடு."

அத்தனை பேருக்கும் முன்னால், உரக்க, ஒரு வார்த்தை விழுங்காமல் சொன்னாள். கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும்? என் கணவர் தூணைவிட்டு நிமிர்ந்தார். மதினி என்னைப் பார்த்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிள்ளை என்னை நம்பியிருக்கிறாள். ஊரைவிட்டு, எங்களைவிட்டுப் போகவேண்டி வரும் என்று தெரிந்தே, நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பிச் சொல்லியிருக்கிறாள். அதைப்போல ஒரு தைரியத்தை அதற்குப் பிறகு பெரிய பெரிய ஆட்களிடம்கூட நான் பார்த்ததில்லை.

தண்ணீரும் மாத்திரையும் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைப் பாடி முடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான், ஆனால் ஒரு அடிகூட விடவில்லை.

மறுநாள் காலை முதுகில் காதை வைத்தேன். பூனைக்குட்டி இருந்தது. மெல்லிசாக, தூரத்தில். டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைக் கூட்டினேன். மத்தியானம் இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. என் கணவர் சட்டை போட்டுக்கொண்டு ஸ்கூட்டர் பிடிக்கத் தயாராக உட்கார்ந்துவிட்டார். மதினி பிள்ளையின் துணிகளை மடிக்க ஆரம்பித்திருந்தார். அந்த மடிப்பைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. நான் மகளின் பக்கத்தை விட்டு நகரவில்லை. கழுத்தடியில் குழி விழுகிறதா, முழு வாக்கியம் பேசுகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பேசினாள். நிறுத்தாமல் பேசினாள். வாயை மூடு என்று சொல்லத் தோன்றும் அளவுக்குப் பேசினாள். அவள் பேசப் பேச எனக்கு உயிர் வந்தது.

அன்று வந்த பூனைக்குட்டி கடைசிவரை பூனையாகாமலே போயிற்று. விஜயதசமி சாயங்காலம் மைதானத்தில் ராவணன் எரிந்தான். வெடிச் சத்தம் கேட்டது. நாங்கள் கொலுவுக்கு ஆரத்தி எடுத்தோம். கிருஷ்ணன் பொம்மையை மகளே எடுத்துப் படியில் படுக்கவைத்தாள். வைத்துவிட்டு, எனக்குத் தூக்கம் வருது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒற்றைத் தலையணையில், நீட்டி நிமிர்ந்து, மல்லாக்க.

நான் உள்ளே போனபோது மதினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் ஒருக்களித்துத் திரும்பியதும் குனிந்து, நான் செய்வதுபோலவே முதுகில் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தவர், மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்தார்.

தீபாவளி கழிந்து மதினி ஊருக்குக் கிளம்பினார். மூன்று பேரும் ரயில் ஏற்றிவிடப் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் அடுத்தடுத்து இரண்டு தும்மல் தும்மினார். "அத்தை, மறைக்காதீங்க, ஒடனே மாத்திரை போட்டுருங்க" என்று என் மகள் கீழே நின்று அதட்டினாள்.

எதிர் சீட்டில் இருந்த அம்மாள் பேத்தியா என்று கேட்டார். "தம்பி மக" என்றார் மதினி. பிறகு, என்னைப் பற்றி அதுவரை ஒரு நல்ல வார்த்தை சொல்லியிராத அந்தத் தலைமையாசிரியை, நான் கேட்க வேண்டும் என்றே குரலை உயர்த்திச் சொன்னார். "கூடவே கூட்டிட்டுப் போயி வளக்கணும்னுதான் வந்தேன். ஆனா இவ இவ ஆத்தா மாதிரி. ரோஷக்காரி. இவ இருக்க வேண்டிய எடம் ஆத்தா பக்கந்தான்."

ரயில் நகர்ந்தது. மகள் கையை ஆட்டிக்கொண்டே பிளாட்பாரத்தில் ரயிலோடு ஓடினாள். ஓடு என்று விட்டேன். இத்தனை வருடத்தில் அவளை ஓடாதே என்று கத்தாமல் நின்றது அதுதான் முதல் தடவை. கடைசிப் பெட்டி போனதும் திரும்பி ஓடிவந்து என்மேல் மோதி நின்றாள். நான் குனிந்து அவள் முதுகில் காதை வைத்தேன்.

"அம்மா! எல்லாரும் பாக்காங்க!" என்று நெளிந்தாள்.

பார்க்கட்டும் என்றேன். வெறும் மூச்சு மட்டும்தான் கேட்டது.